ஆண்டவர் வரும் நாளில் பரீட்சை

சிலிபின் குடியிருப்பில் ஜெயசீலி வீட்டு வாசலுக்குப் பாஸ்டர் தேவநேசன் காலையிலேயே வந்துவிட்டார்.

"இன்னிக்கு ஆண்டவர் வர்ற நாள், சிஸ்டர். சபையே உபவாசத்துல இருக்கு. இன்னிக்குப் போயி எஸ்.பி.எம். பள்ளியிறுதிப் பரீட்சையா? பிள்ளையக் கெடுக்காதீங்க."

"அந்த நாள் யாருக்கும் தெரியாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. உங்களுக்கு மட்டும் யாரு சொன்னா?"

"பரீட்சைய அடுத்த வருசம் எழுதலாம்லா."

"அடுத்த வருசம் இருக்கா, பாஸ்டர்?"

தேவநேசனுக்குச் சுருக்கென்றது. அதற்குள் மகள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள்.

"அம்மா, பேனா எடுத்துட்டீங்களா? ஏறுங்க, நேரமாச்சு."

அவர் திகைத்தார். "பரீட்சை உங்களுக்கா?"

"தொண்ணூத்தொன்பதுலயும் உலகம் முடியுதுன்னு ஒரு பாஸ்டர் சொன்னாரு. அப்ப எனக்குப் பதினேழு வயசு. நம்பி, பரீட்சைக்குப் போகல," என்றபடி ஜெயசீலி பின்னால் ஏறினாள். "போறப்ப கேட்டைச் சாத்திட்டுப் போங்க."