வயிற்றை எக்கிய ஓட்டுநர்

மூன்று முறை உலக சாம்பியனான ருத்ரமூர்த்தியைப் பழைய அணி கழற்றிவிட்ட பிறகு, எப்போதும் கடைசியில் வரும் அணி ஒன்றுதான் கூப்பிட்டது. பந்தயக் காரில் இருக்கையை ஓட்டுநரின் உடம்பை வைத்தே வார்ப்பார்கள். காருக்குள் விரித்த பிளாஸ்டிக் பையின் மேல் அவரை உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் அந்தப் பைக்குள் மெக்கானிக் பெனடிக்ட் நுரையை ஊற்றினான்.

“சாதாரணமா உட்காருங்க சார். இப்ப எப்படி இருக்கீங்களோ, அப்படியே இறுகிக்கும்.”

நுரை வெதுவெதுப்பாகப் பொங்கி விலாவை அணைத்தபோது, அணியின் முதலாளியம்மா படம் எடுப்பவர்களோடு உள்ளே வந்தார். அவர் பார்வை தன் வயிற்றில் வந்து நிற்பதை ருத்ரமூர்த்தி கவனித்துவிட்டார். கோப்பை வாங்கிய மேடைகளில் ஒட்டிக்கொண்ட பழக்கம். வயிற்றை எக்கி, தோளை நிமிர்த்திச் சிரித்தார். அந்த அம்மா நகர்வதாக இல்லை. நுரை இறுகிவிட்டது.

பந்தயத்தன்று அந்த இருக்கைக்குள் இறங்க மறுபடியும் வயிற்றை எக்க வேண்டியிருந்தது. பெனடிக்ட் வார்களை இழுத்து முடுக்கினான்.

“எங்கயாவது பிடிக்குதா சார்? சொல்லுங்க, கொஞ்சம் சீவி விட்டுர்றேன்.”

முதலாளியம்மா பக்கத்திலேயே நின்றிருப்பதை ருத்ரமூர்த்தி பார்த்தார்.

“ஒண்ணும் வேணாம்ப்பா. கச்சிதமா இருக்கு.”

கார்கள் வரிசையில் போய் நின்றன. சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவை அணைந்தால் கிளம்ப வேண்டும். அதற்குள் ஒரே ஒரு முழு மூச்சு இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இருக்கை விடவில்லை.