இருபதாவது பிளேயர்

"இதை நீங்க பாக்கெட்ல வெச்சதே இல்லண்ணே. உண்மையைச் சொல்லிடுங்க."

தரப் பரிசோதனைப் பிரிவின் அதிகாரி அந்தச் சின்ன மியூசிக் பிளேயரை விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். சின்ன வயசுதான். ஆனால் தொழிற்சாலை முழுக்க அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அவள் கண்ணுக்குத் தப்பிய கீறல் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்வார்கள். இன்றைக்கு அந்தக் கண்ணுக்குத்தான் ஒன்றுமே அகப்படவில்லை.

எதிரே பேக்கிங் பிரிவுக்காரர் நின்றார். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியே தலை நரைத்தவர். மூன்று மாதமும் பிளேயர் தன் பேண்ட் பாக்கெட்டை விட்டு இறங்கவே இல்லை, குளிக்கவும் தூங்கவும்தான் வெளியே எடுத்தேன் என்று மூன்றாம் முறையாகச் சொன்னார்.

அவள் நம்புகிற மாதிரி இல்லை. நம்பவும் முடியாதுதான். புது பிளேயரில் கை பட்டாலே கீறல் விழுகிறது என்று கடைகளிலிருந்து புகார் மேல் புகார். மெஷினில் தேய்த்துப் பார்த்தால் போதாது, மனிதர்கள் தினமும் புழங்கிப் பார்க்க வேண்டும் என்று இருபது தொழிலாளர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். உறை போடக் கூடாது, பேண்ட் பாக்கெட்டிலேயே இருக்க வேண்டும். ஒழுங்காகப் புழங்கியவர்கள் அதைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். ஏமாற்றியவர்களிடமிருந்து பறிமுதல். கூடவே பெயர் மேனேஜர் மேசைக்குப் போகும்.

அவள் மேசையில் மற்ற பத்தொன்பதும் வரிசையாகக் கிடந்தன. முகம் பார்த்துத் தலைவாரலாம் போலிருந்த பின்பக்கம், பூனை பிறாண்டின மாதிரி ஆகியிருந்தது. இருபது பேரில் ஒருவரான வேன் டிரைவருடையதில் அவர் பாக்கெட்டில் இருந்த அத்தனை சாமானும் கையெழுத்துப் போட்டிருந்தன. இருபதாவது மட்டும் பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்தது போலப் பளபளத்தது.

"எண்ணூறு மணி நேரம் பாடியிருக்கே மேடம், அதையும் பாருங்க" என்றார் அவர்.

அதையும் பார்த்துவிட்டாள். மேசை மேல் பாடவிட்டுவிட்டு வேலைக்கு வந்தால் மணி தன்னால் ஏறும் என்றாள். இயர்போனை எடுத்துப் புரட்டினாள். இடது காதுப் பஞ்சு நைந்து போயிருந்தது. வலது காதுப் பஞ்சு புத்தம் புதுசு.

"ஒரு காதுலதான் கேப்பீங்களா?"

"ஆமா மேடம். இன்னொரு காது சும்மா இருக்கணும்."

எதற்கு என்று கேட்டதற்கு, பழகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒளிக்கிறவர்கள் இப்படித்தான் அரையும் குறையுமாகப் பேசுவார்கள். யாருக்காவது பரிசாகக் கொடுக்கலாம் என்று துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினீர்களா என்று நேராகவே கேட்டாள்.

அவர் முகம் மாறியது.

"கொடுக்கணும்னு ஆசைதான். என் பொண்ணுக்கு. உள்ள இருக்கிற பாட்டெல்லாம் அவளுக்குப் பிடிச்சது. ஒவ்வொண்ணா தேடிப் பிடிச்சு ஏத்தினேன். அதான் மேடம், இதைத் திருப்பி வாங்கிடாதீங்க. ஆனா நான் சுத்தி வெக்கல. சத்தியமா."

பிடித்தாயிற்று என்று நினைத்தாள் பூதக்கண்ணாடி. ஆனால் சந்தோஷமாக இல்லை. மகளின் பாட்டுகளைப் பற்றிச் சொன்னபோது அவர் குரலில் இருந்த ஏக்கம் அவளைச் சங்கடப்படுத்தியது. படிவத்தில் 'அன்றாடப் பயன்பாடு' என்ற இடத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள். 'இல்லை' என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.

"எழுதாதீங்க மேடம். இத்தனை வருஷத்துல ஒரு பொய் சொன்னதில்ல."

பேனா நின்றது. கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று தோன்றியது. பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாள்.

சட்டைப் பையிலிருந்து பஸ் பாஸும் கொஞ்சம் சில்லறையும் வந்தன. பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு கைக்குட்டை. அவ்வளவுதான். நம்ப மாட்டாளோ என்று பாக்கெட்டை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி இழுத்தும் காட்டினார். துணி வெளுத்து, பிளேயர் அளவுக்கு ஒரு சதுரத் தடம் பதிந்திருந்தது. மூன்று மாதத் தடம்.

அவள் அந்தச் சதுரத்தையே பார்த்தாள். அப்படியென்றால் இவர் சொல்வது நிஜம்தான். ஆனால் பத்தொன்பது பேரும் எழுதிக் கொடுத்த புகார் ஒன்றே ஒன்று. பாக்கெட்டில் கூடவே கிடந்து பிளேயரைக் கீறித் தள்ளியது அவரவர் வீட்டுச் சாவி.

"உங்க வீட்ல பகல்ல யார் இருப்பாங்கண்ணே?"

"யாரும் இல்ல மேடம். நான் ஒருத்தன்தான்."

"அப்ப வீட்டைப் பூட்டிட்டுச் சாவியை எங்க போடுவீங்க?"

அவர் கைக்குட்டையை நாலாக மடித்துத் திரும்பப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"பூட்டுறதில்ல மேடம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சண்டையில, 'போறதுன்னா சாவியை வெச்சுட்டுப் போ'ன்னு என் பொண்ணுகிட்ட நான்தான் சொன்னேன். வெச்சுட்டுப் போயிட்டா. நான் இல்லாத நேரமா பார்த்து அவ வந்தாள்னா, எதை வெச்சுத் திறப்பா?"