அடுப்பிடம் ஒரு வார்த்தை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததே வாழைக்காய் பஜ்ஜி போடத்தான் என்பது திருப்பூர் நாச்சிமுத்துவின் அசைக்க முடியாத முடிவு. அவன் வீட்டு அடுப்புக்கோ அந்த வரலாறு தெரியாது. அவன் மனைவி பூங்கொடிக்கு முடக்குவாதம்; எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. விரல் வீங்கப்போகிறது என்று, உடம்பை அளக்கும் அவள் மோதிரம் சொல்லிவிட்டால், அதன் பேச்சைக் கேட்கும் அடுப்பு எண்ணெயைக் காய விடாது.

"இன்னிக்கு என்ன வைக்கட்டுங்க?" என்று அவள் தினமும் அடுப்பைக் கேட்பாள்.

"அது என்ன, உன்ற மாமியாளா புள்ள?" என்பான் நாச்சிமுத்து.

அவள் குளிக்கப்போகையில் கழற்றி வைக்கும் மோதிரத்தைத் தன் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு, ஒரு வாரம் பஜ்ஜியாகப் போட்டுத் தள்ளினான். அவன் விரலை அவள் விரலென்று நம்பி அடுப்பு ஏமாந்தது. "மோதிரமே விட்டுருச்சுங்களா!" என்று பூங்கொடியும் ஆசையாகத் தின்றாள்.

சனிக்கிழமை பனியன் கம்பெனிக்குக் கிளம்பியவளின் கையிலிருந்து சோற்றுத் தூக்குப்போசி நழுவி விழுந்தது.

"மாமா, கத்திரி பிடிக்க முடியலைன்னா கட்டிங்குல இருந்து தூக்கிருவாங்க."

நாச்சிமுத்து மோதிரத்தை எடுத்து வந்தான். வீங்கிய விரலில் அது ஏறவே இல்லை. அவள் உள்ளங்கையில் வைத்து மெல்ல மூடினான். பிறகு அடுப்பின் முன்னால் போய், தோளில் கிடந்த துண்டை இறக்கினான்.

"இன்னிக்கு என்ன வைக்கட்டுங்க?"