இரண்டு வார்த்தை, தொண்ணூறு பக்கம்

இருதயராஜ் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தார். பக்கத்து ஸ்டூலில் அவருடைய கேஸ் ஃபைல் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது. கட்டில் கம்பியில் ஒட்டியிருந்த சிவப்புச் சீட்டைக் கண்டாலே அதற்கு எரிச்சல்.

"இந்த மனுஷனைப் பத்தி நான் தொண்ணூறு பக்கம் வெச்சிருக்கேன். நீ ரெண்டே வார்த்தை. உன்னையெல்லாம் யார் ஒட்டினது?"

"சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். எனக்குப் பசை விடுது!" என்று தவித்த சீட்டு, பிய்ந்து தரையில் விழுந்தது.

டியூட்டி மாறி வந்த நர்ஸ் பென்சிலின் ஊசியோடு நெருங்கினாள். அது அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற விஷயம் ஃபைலின் நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. யார் புரட்டுவது? பதறிப்போய் ஃபைல் தொப்பென்று கீழே விழுந்தது.

எடுக்கக் குனிந்தவள் கண்ணில் சீட்டு பட்டது: "பென்சிலின் வேண்டாம்."

ஊசி நின்றது. டாக்டர் ஓடி வந்தார். ஃபைலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, போன தடவை காய்ச்சல் எந்த மருந்துக்குக் கேட்டது என்று கண்டுபிடித்தார்.

"வேண்டாம்னு சொல்லத்தான் எனக்குத் தெரியும்," என்றது சீட்டு.

நர்ஸ் அதை ஃபைலின் அட்டைமேல் பிளாஸ்டர் போட்டு ஒட்டினாள்.

"இன்னொரு துண்டு போடச் சொல்லு," என்றது ஃபைல். "காத்து இன்னும் நிக்கலை."