நூறு மடங்கு தண்ணீர்

"ஆசிட் கலந்தாச்சு. நீ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது," என்றான் கணவன் போனில்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்தினாள். காலையிலிருந்து இந்த அழைப்புக்காகத்தான் காத்திருந்தாள். இன்று அவன் மூக்கு உடையப்போகிறது.

"என்ன ஆசிட்?"

"நம்ம அசிட்டிக்தான். முதல்ல பிஹெச் ரெண்டு புள்ளி ஒன்பது. தண்ணி விட்டு நூறு மடங்கு ஆக்கியிருக்கோம். இப்ப எவ்வளவு இருக்கும்? மீட்டரை முக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்."

வினிகர் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் அவன் வாங்கிய நல்ல பெயரெல்லாம் இப்படி அவள் போனில் சொன்ன விடைகளால் வந்ததுதான். இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. வேலைக்கு அவன் போனான், கணக்கு மட்டும் அவளிடம் வந்தது. "எனக்கும் அங்க ஒரு வேலை கேளேன்" என்றால், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பான்.

நேற்று வீட்டுக்கு வந்த நண்பர்களிடம், "இவளுக்குத் தெரிஞ்ச ஒரே ஆசிட் எலுமிச்சம்பழம்தான்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தான் சிரித்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வழக்கமாக நடைபாதை மூலையில் ஒளிந்து நின்று கிசுகிசுப்பான். இன்று குரல் கணீரென்று, பெரிய அறையில் பேசுவதுபோல எதிரொலித்தது. திமிர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

விடை நாக்கு நுனியில் நின்றது. வலிமையான அமிலமாக இருந்தால் நூறு மடங்குக்கு பிஹெச் இரண்டு ஏறும். இது வலிமை குறைந்தது, தன் புளிப்பில் பெரும்பகுதியை உள்ளேயே அடக்கி வைத்திருப்பது. தண்ணீர் ஊற்ற ஊற்ற, அடக்கியதை அவிழ்த்துவிடும். அதனால் ஒன்றுதான் ஏறும். மூன்று புள்ளி ஒன்பது.

நானும் அவிழ்க்கிறேன் பார்.

"நாலு புள்ளி ஒன்பது," என்றாள்.

"நிச்சயமாவா? கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா."

"நாலு புள்ளி ஒன்பது! எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். எலுமிச்சம்பழத்து மேல சத்தியம்!"

யாரோ சிரிப்பது கேட்டது. அவள் நெஞ்சு குளிர்ந்தது. மீட்டர் மூன்று புள்ளி ஒன்பது காட்டும். முதலாளி முன்னால் அவன் முகம் செத்துப்போகும். ராத்திரி வந்து கத்தட்டும். 'எனக்கென்ன தெரியும், நான் எலுமிச்சம்பழம்தானே' என்று சொல்ல வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

போன் துண்டிக்கப்படவில்லை. நாற்காலி ஒன்று நகர்ந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு கணவனின் குரல், அவளிடம் அல்ல:

"கேட்டீங்கல்ல சார், இத்தனை வருஷமா என் கணக்கெல்லாம் போட்டது இவதான், மீட்டரை முக்குங்க, நம்பர் ஒத்துப்போச்சுன்னா அந்த வேலையை இவளுக்கே குடுங்க!"