எண்பத்து நான்கு கிலோ

"எடையச் சொல்லு போல்டி," என்றாள் ரோஸ்விதா, மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போல்டி ஃப்ரிட்ஜைத் திறந்தான். உள்ளே அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மூடினான்.

"எண்பத்தி நாலு."

"போன வருஷமும் அதேதானே?"

"உன் தங்கச்சி மாதிரி வருஷத்துக்கு ஒரு எடை சொல்ற ஆளா நான்?"

ரோஸ்விதா சிரித்தாள். பனிச்சறுக்குப் பலகை வாடகைக்குத் தரும் கடையின் படிவம் அது. போன வருஷம் அவள் தங்கை ஆறு கிலோவைக் குறைத்து எழுதிக் கொடுத்தாள். பலகைகள் பத்தடிக்கு ஒரு முறை காலைவிட்டுக் கழன்று ஓட, அரை மலையை அவள் உட்கார்ந்தபடியேதான் இறங்கினாள்.

எடையைப் பார்த்துத்தான் கடைக்காரர் பலகையின் பூட்டை முறுக்கி வைப்பார். விழும்போது பூட்டு தானாகத் திறந்து காலை விட்டுவிட வேண்டும். கூட்டிச் சொன்னால் திறக்காது. முழங்கால் போய்விடும்.

குறைத்துச் சொல்லத்தான் ஊரில் ஆயிரம் பேர். கூட்டிச் சொல்ல போல்டி ஒருவன்தான்.

அவன் ஜன்னலுக்குப் போனான். வெளியே லின்ஸ் நகரத்தின் நவம்பர் ஞாயிறு, மழையா பனியா என்று முடிவு செய்யாமல் தூறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தான். கசகசா கேக்கில் ஒரு துண்டு வெட்டினான். அதைத் தட்டிலேயே விட்டுவிட்டு நின்றான்.

"உக்காரேன்பா. தலை சுத்துது எனக்கு."

உட்கார்ந்தான். முழங்கால் தானாக ஆடியது.

பதினான்கு வருஷமாகப் பிப்ரவரியில்தான் சறுக்கப் போவார்கள். இந்த முறை டிசம்பரில் போகலாம் என்றான் போல்டி, பிப்ரவரியில் கூட்டம் என்று சாக்குச் சொல்லி. ரோஸ்விதா மறுபேச்சு பேசவில்லை. டிசம்பரில் பனி நிச்சயமாக இருக்க வேண்டுமென்றால் உயரத்துக்குப் போக வேண்டும் என்று ஹோகன்மூஸ் என்ற மலையூரைப் பிடித்தாள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஒரே தெரு, ஒரு தேவாலயம், எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும் ஊர்.

மலைக்குடில்களில் காலணியைக்கூடக் கழற்றாமல் மேசைமேல் ஏறி ஆடுகிறவள் அவள். ஆட்டமும் பாட்டும் இல்லாத ஊர் எதற்கு என்று கேட்டதற்கு, "காது வலிக்குது போல்டி, வயசாகுதுல்ல," என்றாள். அவன் மேலே கேட்கவில்லை. கேட்டால் அவளும் திருப்பிக் கேட்பாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலையிலிருந்து இறங்கிய பிறகு அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று போல்டி நினைத்திருந்தான். இப்போது சொன்னால் அவள் மடிக்கணினியை மூடிவிடுவாள். அடுத்த பனிக்காலம் தனக்கு உண்டா என்று அவனுக்குத் தெரியாது. இந்த ஒன்றை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

குளியலறையில் இருக்கும் எடை பார்க்கும் கருவிக்கு ஒரு கெட்ட பழக்கம். அடுத்து ஏறுகிறவருக்கு, முன்பு ஏறியவரின் எடையை ஒரு கணம் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

அதனால் போல்டி தினமும் காலையில் இரண்டு முறை ஏறினான். முதல் முறை வெறுங்கையோடு. இரண்டாவது முறை இரும்புக் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எண்பத்து நான்கு வரும்படி. ஒரு கிலோ குறைந்த வாரம் பெரிய சுத்தியலையும் பெட்டியில் போட்டான்.

குளியலறையில் பெட்டிக்கு என்ன வேலை என்று ரோஸ்விதா ஒரு நாள் கேட்டாள். குழாய் சொட்டுகிறது என்றான். மூன்று வாரமாக அந்தக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் சரிதான். ஆனால் எண்பத்து நான்குக்கு முறுக்கிய பூட்டு அவன் விழுந்தால் திறக்காது. கடையில் போய் மெல்லத் திருத்திச் சொல்லவும் வழியில்லை. இவள் பக்கத்திலேயே நிற்பாள்.

"இரு, கை கழுவிட்டு வந்து அனுப்பிடறேன்," என்று எழுந்தாள் ரோஸ்விதா.

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் போல்டி அவள் நாற்காலிக்குத் தாவினான். படிவத்தில் தன் பெயரைத் தேடினான். எடை என்ற கட்டத்தைக் கண்டுபிடித்தான்.

எழுபத்தொன்று.

கை தவறி எதையாவது தட்டிவிட்டோமோ என்று பயந்தான். அவன் இன்னும் எதையும் தொடவில்லை.

இன்று காலை முதல் முறை ஏறியபோது பார்த்த அதே எண்.

அதற்குக் கீழே, எப்படிச் சறுக்குபவர் என்ற கேள்வி. நிதானமாக, நடுத்தரமாக, வேகமாக என்று மூன்று கட்டங்கள். பதினான்கு வருஷமாக அவனுக்குப் போடுகிற இடத்திலேயே அவள் குறி போட்டிருந்தாள். வேகமாக.

குளியலறையில் தண்ணீர் நின்றது.

"போல்டி, குழாய் இப்ப சொட்டல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பெட்டியக் கீழ கொண்டுபோய் வெச்சிடு. சுத்தியலோட பதிமூணு கிலோ இருக்கு, பாத்துத் தூக்கு."