மஹ்மூத் கடைக் கோப்பி

“உங்கட கோப்பி எந்தத் தோட்டத்தில விளைஞ்சது, நானா?”

சாதாரணமான கேள்விதான். ஆனால் மஹ்மூத் துடைத்த கோப்பையையே மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

கண்டிக்கு ரயில் வந்த புதிது. கொழும்பிலிருந்து அதில் வந்திறங்கிய பத்திரிகைக்காரர் கிறகரி, பக்கத்து ஊரான கட்டுகஸ்தோட்டையில் மஹ்மூதின் சின்னக் கடையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இதுவரை எல்லாம் தேனாக இனித்தது. பேர் என்ன, ஊர் எது என்று கேட்டதற்கெல்லாம் மஹ்மூத் தொப்பியைச் சரிசெய்தபடி புது மாப்பிள்ளை மாதிரி நெளிந்து நெளிந்து பதில் சொன்னார். பேப்பரில் பேர் வருவதென்றால் சும்மாவா?

“எனக்குக் கோப்பி குடிச்சா விடிய விடிய நித்திரை வராது. நேற்று ராத்திரி உங்கட கோப்பியைக் குடிச்சிட்டுக் குறட்டை விட்டிருக்கிறன்! அப்பிடியொரு நல்ல சாமான். சொல்லுங்கோ, எந்தத் தோட்டம்?”

சுற்றிலும் எந்த மலையைப் பார்த்தாலும் கோப்பிதான். ஆனால் அத்தனையும் லண்டனுக்குக் கப்பலேறும். துரைமாரின் கோப்பி களவு போகிறதென்று பொலிஸ் ஊரெல்லாம் மோப்பம் பிடித்துத் திரிந்தது. எங்கே வாங்கினாய் என்று கேட்கும்போது வாய் திறக்காதவன் நேரே மறியற்சாலைக்கு. போன கிழமைதான் பக்கத்துக் கடைக்காரனைக் கொண்டுபோயிருந்தார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து மஹ்மூதின் மனைவி றலியா இருமினாள். வாயை விட்டுவிடாதீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

“தோட்டத்தின்ர பேர் போடாட்டி, வாசிக்கிறவன் களவுக் கோப்பியெண்டுதானே நினைப்பான்?” என்றார் கிறகரி. குரலில் இப்போது கொஞ்சம் சந்தேகமும் சேர்ந்திருந்தது.

மஹ்மூத் எழுந்து நின்றார்.

“கடையச் சோதிச்சுப் பாருங்க, ஐயா. ஒரு கோப்பிக் கொட்டை அம்புட்டாலும் நீங்களே என்னயப் புடிச்சுப் பொலிசுல குடுங்க!”

கிறகரி விடுவாரா? சாக்கை உதறினார், பானையைக் கவிழ்த்தார், அலுமாரிக்குள் தலையை விட்டார். றலியா பின்வாசலால் முற்றத்துக்கு ஒதுங்கிக்கொள்ள, அடுப்படியையும் விட்டுவைக்கவில்லை. உரலும், ஒரு தகரத்தில் கறுப்புத் தூளும்தான் இருந்தன. கோப்பிக் கொட்டை மருந்துக்கும் இல்லை.

தூளைக் கிள்ளி மோந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். மஹ்மூத் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

சட்டென்று கிறகரி தொடையில் ஓங்கித் தட்டினார்.

“விளங்கிட்டுது! களவெடுக்கிறவன் மூட்டை கட்டி ஒளிச்செல்லோ வைப்பான்! நீங்கள் கிராமத்து ஆக்களிட்ட அண்டண்டைக்கு வாங்கி, அண்டைக்கே வறுத்து இடிக்கிறியள். அதாலதான் இந்த ருசி! சரிதானே, நானா?”

“ஐயா படிச்சவங்க. நீங்க சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல?”

தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொண்ட சந்தோஷத்தில், கிறகரி இன்னொரு கோப்பையையும் குடித்துவிட்டு ரயிலேறினார்.

அடுத்த கிழமை பேப்பர் வந்தது. ‘கண்டியில் துளியும் கலப்படமில்லாத கோப்பி வேண்டுமா? மஹ்மூத் கடைக்குப் போங்கள்!’

கடை முன்னால் தேர்க்கூட்டம். வண்டிக்காரர்கள் வந்தார்கள், அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார் வந்தார்கள், அன்று மோப்பம் பிடித்துத் திரிந்த பொலிஸ்காரரே வந்து இரண்டாம் கோப்பை கேட்டார். மஹ்மூதுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

றலியாவுக்குத்தான் கவலை. “இந்தக் கூட்டத்துக்கு, இருக்கிற தூள் ரெண்டு நாளைக்கும் காணாதே! என்ன செய்யப் போறீங்க?”

“நோன்பு பொறக்கப் போகுதே, புள்ள! இந்த முறை மடவளையில மட்டுமில்ல, திகனயிலயும் பள்ளிவாசல்ல சாக்கு வைக்கிறேன். நோன்பு தொறக்கிறவங்க திண்டுபோட்டுப் போடுற பேரீச்சங்கொட்ட அத்தனையும் அள்ளிக் கழுவிட்டு வாறேன், நீ எப்பவும் போல வறுத்து இடி” என்று சிரித்தார் மஹ்மூத். “நம்மட கடையில எந்தக் காலத்துல கோப்பி இருந்திச்சு, இப்பத் தட்டுப்பாடு வாறதுக்கு?”